ஓசை எழாத தோட்டா

கோவர்த்தனன் ஒரு தோட்டாவைக் காதருகே வைத்து ஆட்டினார். ஓசை வரவில்லை. தம்பியின் மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது அந்தக் கணத்தில்தான்.

அவர் பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுமலையில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஓர் எலுமிச்சைத் தோட்டம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. துப்பாக்கி உரிமமும் இருவர் பெயரில்தான். வாரம் தவறாமல் ஓடைக்குப் போய்க் குறி வைத்துச் சுடுவார்கள்.

கடைத் தோட்டாவை அவர் நம்பமாட்டார். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு அடித்து, வெடிமருந்து போட்டு, குண்டு பொருத்துவார். ஒரு கை அச்சு, ஒரு சின்னக் கரண்டி, ஒரு சுத்தியல். அவ்வளவுதான் சாமான்.

கிட்டக் குறிக்குச் சுடுவதால் மருந்து குறைவாக, ஒரே ஒரு கரண்டிதான் போடுவார். கூட்டுக்குள் பாதி காலியாக இருக்கும். ஆட்டினால் மணல் போலச் சலசலக்கும். இரண்டு கரண்டி விழுந்துவிட்டால் அடைத்துக்கொள்ளும், ஓசை எழாது. அதைச் சுட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும்.

இத்தனை வருடத்தில் அவர் கை தப்பியதில்லை. அப்படியென்றால் வேறொரு கை அவர் மருந்து வைத்திருக்கும் அறைக்குள் வந்திருக்கிறது.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. போன வாரம் ஓடையில் தம்பி அழகிரி ஏன் அவ்வளவு தள்ளி நின்றான்? "அடுத்து எப்பண்ணே சுடப் போறோம்?" என்று ஏன் கேட்டான்? மருந்து அறைத் தாழ்ப்பாள் ஒருநாள் ஏன் திறந்து கிடந்தது? தோட்டத்தைப் பிரிக்கலாமா என்று அவன் பேச்செடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தோட்டாவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சுனைக்கு ஏறினார்.

சுனையருகே ஓட்டு வீட்டில் செங்கமலத்தம்மா இருந்தார். கோவர்த்தனனைவிட வயதில் சின்னவர். தன் மனைவி இறந்த வருடம் அங்கே போய் உட்கார ஆரம்பித்த கோவர்த்தனன், அவரையே குருவாக ஏற்றுக்கொண்டார். அம்மா அதிகம் பேசமாட்டார். அன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கோவர்த்தனன் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்று அம்மா கேட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் ஓடைக்குக் கூட்டிட்டுப் போவேன். இதை அவன் கையில கொடுத்து, முதல்ல நீ சுடுன்னு சொல்வேன். செஞ்சவன் அவன்தான்னா சுடமாட்டான்."

"செய்யாதவரா இருந்தா?"

கோவர்த்தனன் கைக்குட்டையை மறுபடி முடிந்தார்.

"தம்பி நேத்து இங்கே வந்தார்" என்றார் அம்மா.

கோவர்த்தனன் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். "எதுக்கு?"

"உங்களைப் பத்திக் கேட்டார். அண்ணன் சரியா சாப்பிடுறதில்லை, உங்ககிட்ட ஏதாவது சொன்னாரான்னு கேட்டார்."

என் சாப்பாட்டைப் பற்றி அவனுக்கென்ன கவலை என்று கோவர்த்தனன் நினைத்தார். காலையில் தம்பி மனைவி வைத்த உப்புமா வழக்கத்துக்கு மாறாகக் கசந்த மாதிரி இருந்தது.

அம்மா கீரையை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்தார். "தோட்டா எப்படிச் செய்றீங்கன்னு நான் பார்த்ததில்லை. வாங்க, போகலாம்."

கோவர்த்தனன் திகைத்தார். அம்மா யார் வீட்டுக்கும் போய் அவர் பார்த்ததில்லை. இறங்கும் வழியெல்லாம் ஒரே யோசனை. இன்றைக்கு மட்டும் ஏன் வருகிறார்? தம்பிதான் சொல்லி அனுப்பினானா?

வீட்டில் யாரும் இல்லை. தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து அறையில் அம்மாவுக்கு ஒரு முக்காலி போட்டார். துளையிட்ட மரக்கட்டையில் வெற்றுக் கூடுகளை வரிசையாக நிறுத்தி, கேப்பு அடித்து முடித்தார். மருந்து டப்பாவைத் திறந்து கரண்டியை எடுத்தார்.

"தம்பி சின்ன வயசுல எப்படி?" என்று அம்மா கேட்டார்.

"அழுத்தக்காரன். மனசுல இருக்கிறது வெளியே தெரியாது."

"சண்டை போடுவாரா?"

"போட்டாக்கூடப் பரவாயில்லையே. சிரிச்சுக்கிட்டே காரியம் பண்ணுவான்." கரண்டி டப்பாவுக்கும் கூட்டுக்கும் போய்வந்தது. "அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப நான் காஷ்மீர்ல இருந்தேன். இவன்தான் பக்கத்துல. அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு இன்னிவரைக்கும் முழுசா சொன்னதில்லை."

"கேட்டீங்களா?"

"கேட்கணுமா? தானா சொல்லவேண்டாமா?" கோவர்த்தனன் அம்மா பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது. "எனக்குப் பிள்ளை இல்லை. நான் போய்ட்டா எல்லாம் அவனுக்கு. பிரிக்கலாம்னு கேட்டான், நான் மாட்டேன்னேன். அப்புறம் இந்தத் தோட்டா. நீங்களே சொல்லுங்க, வேற என்ன அர்த்தம்?"

கோவர்த்தனன் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். ஒவ்வொரு கூட்டிலும் குண்டை வைத்து அச்சில் அழுத்தினார். முடித்ததும் வரிசையை அம்மா முன்னால் நகர்த்தினார்.

"ஆட்டிக் காட்டுங்க" என்றார் அம்மா.

முதல் தோட்டாவைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். சலசலத்தது. அடுத்ததும் சலசலத்தது. அதற்கடுத்ததை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார்.

ஓசை இல்லை.

அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"நீங்க தொட்டீங்களா?"

"என் கை மடியில இருந்தது" என்றார் அம்மா.

இருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது. அதையும் அவர் ஓரக்கண்ணால் கவனித்தபடியே இருந்திருக்கிறார். குண்டு பொருத்துமுன் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தோமா என்றுதான் நினைவில்லை.

தோட்டாவைக் கழற்றுவதற்கென்று வைத்திருந்த, தலை குடைந்த சுத்தியலை எடுத்தார். தோட்டாவை அதன் தலையில் செருகித் தரையில் தட்டினார். குண்டு கழன்றது. மருந்து காகிதத்தில் கொட்டியது. ஒரு கரண்டியில் அள்ளினார், மீதி இருந்தது. அந்த மீதியும் சரியாக ஒரு கரண்டி.

கைக்குட்டையிலிருந்த தோட்டாவை எடுத்து அதையும் அதேபோலத் தட்டினார். அதிலும் அதேபோல இரண்டு கரண்டி.

எல்லாவற்றையும் தண்ணீர் வாளியில் கொட்டினார்.

"அப்போ, அழகிரி செய்யலை."

"அது எனக்குத் தெரியாது" என்றார் அம்மா. "இன்னைக்கு நான் இங்கே இருந்தேன். அன்னைக்கு இல்லை."

கோவர்த்தனன் நிமிர்ந்தார். இல்லை என்று அம்மா வாயால் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

முற்றத்தில் கூடை இறங்கும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ கை கழுவினார்கள்.

"அண்ணே" என்று அழகிரி கூப்பிட்டான். "வெயில் தாழ்ந்துடுச்சு. ஓடைக்குப் போவமா?"

கோவர்த்தனன் சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார். கட்டையில் மிச்சமிருந்த தோட்டாக்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து எல்லாவற்றையும் தட்டிக் கழற்ற ஆரம்பித்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குச் சுடலை" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "சும்மா நடந்துட்டு வரலாம். இரு, வர்றேன்."

"சரிண்ணே" என்றான் அழகிரி. ஏன் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கோவர்த்தனன் மனம் உடனே கேட்டது.

அவர் எழுந்து நின்றார். கதவுவரை போனவர் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, அன்னைக்கு அது அவன் கையா, என் கையான்னு இனிமே தெரியப்போறதில்லை. தெரியாம நான் எப்படி அவன்கூட ஓடைவரைக்கும் நடந்து போறது?"

அம்மா முக்காலியிலிருந்து எழுந்து சேலைத் தலைப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்க கையில என்ன இருந்ததுன்னு தெரியாமலே இன்னைக்கு உங்களோட ஓடைக்கு வர அவர் கிளம்பி நிக்கிறாரே," என்றார், "அப்படித்தான்."