முத்திரை வேண்டாம் என்ற நீர்நாய்

கருங்காலிக் காட்டின் அல்லிக்குளத்தில் சுழலி என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தாள். அந்தக் குளத்தில் அவளை முந்தி நீந்தியவர் யாருமில்லை. கெண்டை மீன்களே அவளைக் கண்டால் வழி விட்டு ஒதுங்கும்!

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏழு காடுகளும் ஆற்றங்கரையில் கூடிப் போட்டி நடத்தும். ஓட்டம், மரமேறுதல், நீச்சல் என்று மூன்று நாள் அமர்க்களப்படும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு விளையாட்டுச் சங்கம் உண்டு. குட்டிகளுக்குப் பயிற்சி தர வேண்டும், களத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும், போட்டி வைத்து வென்றவரை அனுப்ப வேண்டும். இவைதான் சங்கத்தின் வேலை. சங்கத்தின் முத்திரை குத்திய தேக்கிலை இல்லாமல் யாரும் ஆற்றில் இறங்க முடியாது.

கருங்காலிக் காட்டுச் சங்கத்தின் தலைவர் பெருங்கொம்பன் என்ற காட்டெருமை. செயலாளர் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி. அவர் தன் முள்ளால் இலையில் மூன்று ஓட்டை போடுவார், அதுதான் முத்திரை. மற்ற நான்கு உறுப்பினர்களும் தலைவரின் உறவுக்காரக் காட்டெருமைகள்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இதே ஆறு பேர்தான். ஓடுகளத்தில் உண்ணிச்செடி இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. குளத்தில் தலைவர் காலையிலிருந்து மாலைவரை புரண்டு சேறாக்கிக் கொண்டிருந்தார். ஆனாலும் போட்டி வந்துவிட்டால், ஆறு பேரும் கழுத்தில் பூமாலையோடு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்கள். மூன்று முறை போனார்கள். மூன்று முறையும் அந்தக் காடு எதிலும் வெல்லவில்லை.

நான்காவது போட்டி நெருங்கியது. ஊசியப்பன் பாறைமேல் ஏறிப் பெயர்களை அறிவித்தார்.

"ஓட்டத்துக்கு முயல் துள்ளன்! மரமேற உடும்பு பாறையன்! நீச்சலுக்குத் தலைவரின் மருமகன் செம்மலை!"

சுழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்மலை முழங்காலுக்கு மேல் நனைந்ததை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. நேராகத் தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"தலைவரே, போட்டி வைக்காமல் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"எனக்குத் தெரியாதா யார் நீந்துவார் என்று?"

"அப்படியானால் இப்போதே நானும் உங்கள் மருமகனும் நீந்துகிறோம். காடே பார்க்கட்டும்!"

"ஏய், சங்கத்தின் முடிவைக் கேள்வி கேட்க நீ யார்?" என்று பெருங்கொம்பன் முக்காரமிட்டார்.

"நீந்துகிறவள்!" என்றாள் சுழலி.

அவள் அழுதுகொண்டு பொந்துக்குள் போய்ப் படுக்கவில்லை. மறுநாள் குளக்கரையில் நின்று உரக்கச் சொன்னாள். "வருகிற பௌர்ணமியன்று இங்கே போட்டி! யார் வேண்டுமானாலும் வரலாம். தாத்தன் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள்!"

செய்தி காடெங்கும் பரவியது. சோமன் என்ற கரடி யாரும் சொல்லாமலே உண்ணிச்செடியைப் பிடுங்க ஆரம்பித்தார். கை முழுக்கக் கீறல். ஆனாலும் ஓடுகளத்தைப் பாதி தூரம் வெட்டவெளியாக்கிவிட்டார். துள்ளனும் பாறையனும்கூட உதவிக்கு வந்தார்கள்.

இது ஊசியப்பன் காதுக்கு எட்டியது. அன்று மாலையே அவர் ஒரு தேக்கிலையைக் கவ்விக்கொண்டு சுழலியிடம் வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"இந்தா அம்மா, உன் இலை. மூன்று ஓட்டையும் போட்டாயிற்று. செம்மலையை நாங்கள் சமாதானம் செய்துகொள்கிறோம். நீ அந்தப் போட்டியை மட்டும் நிறுத்திவிடு, போதும்."

சுழலி அந்த இலையைப் பார்த்தாள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். இன்னும் நான்கு ஆண்டு போனால் தன் உடம்பில் இந்த வேகம் இருக்குமா என்று அவளுக்கே தெரியாது. கை தானாக நீண்டது. பிறகு மடங்கியது.

"எனக்கு மட்டும் கொடுத்தால், மற்றவர்களுக்கு?"

"மற்றவர்களைப் பற்றி உனக்கென்ன கவலை? நீ வெல்லப் போகிறவள்!"

"போட்டி வைத்து, அதில் நான் வென்ற பிறகு கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்படி ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம்!"

ஊசியப்பனின் முட்கள் சிலிர்த்தன. "அப்படியா? இந்த ஆண்டு முழுவதும் உனக்குத் தடை! ஆற்றில் உன் கால் படக்கூடாது!"

"கால் படாது. ஆனால் வாய் மூடாது!" என்றாள் சுழலி.

தடை என்ற செய்தியைக் கேட்டதும் துள்ளனும் பாறையனும் தங்கள் இலைகளைக் கொண்டுபோய்த் தலைவரின் காலடியில் போட்டார்கள்.

"உங்களுக்கு யார் தடை போட்டது?" என்று பெருங்கொம்பன் திகைத்தார்.

"இன்றைக்கு அவளுக்கு, நாளைக்கு எங்களுக்கு. நீங்களே ஓடிக்கொள்ளுங்கள்!" என்றான் துள்ளன்.

பௌர்ணமியன்று குளக்கரைப் போட்டி சொன்னபடியே நடந்தது. அடுத்து ஏழு காடுகளின் போட்டி நாள் வந்தது. பூமாலை போட்ட ஆறு பேரும் செம்மலையோடு ஆற்றங்கரைக்குப் போனார்கள். சுழலியும் போனாள், வேடிக்கை பார்ப்பவர்களோடு தூரத்தில் நின்றாள்.

நடுவராக இருந்த நாரை, நீச்சல்காரர்களை அழைத்தது. செம்மலை தண்ணீரில் இறங்கினான். தண்ணீர் தொடைக்கு வந்ததும் "மாமா!" என்று அலறிக்கொண்டு கரையேறினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஓட்டக்காரர் எங்கே?" என்று நாரை கேட்டது.

"வரவில்லை" என்றார் பெருங்கொம்பன்.

"மரமேறுபவர்?"

"அவனும் வரவில்லை."

"அப்படியானால் நீங்கள் ஆறு பேரும் எதற்கு வந்தீர்கள்?"

பெருங்கொம்பன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார். "விளையாட ஆளில்லாத சங்கத்துக்கு இங்கே இடமில்லை. மாலையைக் கழற்றிவிட்டு ஊர் போய்ச் சேருங்கள்!" என்றது நாரை.

சுழலி சிரிக்கவில்லை. மற்ற ஆறு காட்டு வீரர்களும் ஆற்றைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்களில் நான்கு பேரை அவளால் எளிதாக முந்தியிருக்க முடியும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நெஞ்சு எரிந்தது.

காடு திரும்பிய மறுநாளே, இந்தச் சங்கம் இனி வேண்டாம் என்று எல்லாரும் பாறையடியில் கூடினார்கள். "சங்கத்தைக் கலைக்க உங்களுக்கு என்ன உரிமை?" என்று பெருங்கொம்பன் பாறைமேலிருந்து கத்தினார்.

"சங்கம் இருப்பதே எங்களுக்காக!" என்று சுழலி திருப்பிக் கத்தினாள். "உங்கள் கழுத்து மாலைக்காக அல்ல!"

மொத்தக் காடும் அவள் பக்கம் போய் நின்றது. தலைவர் பாறையை விட்டு இறங்கினார். சுழலியைத் தலைவியாக இருக்கச் சொன்னார்கள். அவள் ஒப்பவில்லை. "நான் நீந்தப் போகிறவள். நானே எப்படித் தேர்வு செய்வது?" என்றாள். கரடி சோமன் தலைவரானார். குளத்தில் யாரும் புரளக்கூடாது என்றார். காலையில் குட்டிகளுக்கு நீச்சல், மாலையில் ஓட்டம். முட்டி பெயர்ந்தால் பச்சிலை கட்டவும் ஆள் வைத்தார்.

நான்கு ஆண்டுகள் ஓடின. தேர்வுப் போட்டி நடந்தது. ஓடைப்பக்கத்திலிருந்து நெட்டி என்ற இளம் நீர்நாய் வந்திருந்தாள். அதுவரை அவள் பெயரையே யாரும் கேட்டதில்லை. இருவரும் அம்பு போல் பாய்ந்தார்கள். நெட்டி ஒரு மூக்கு நீளத்தில் முந்திவிட்டாள்!

சுழலி மூச்சு வாங்கக் கரையில் கிடந்தாள். சோமன் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"இத்தனையும் உன்னால் வந்தது. உனக்கும் ஒரு இலை தருகிறேனே?"

சுழலி சீறி எழுந்தாள். "தோற்றவளுக்கு இலையா? அப்படியென்றால் பெருங்கொம்பனை ஏன் இறக்கினோம்? ஓர் இலைதான். அது அவளுக்கு!"

அந்த ஆண்டு நெட்டி ஆற்றை முதலாவதாகக் கடந்தாள். கரையில் தொண்டை கிழியக் கத்தியவள் சுழலி.

விளையாடுகிறவர்களை வளர்ப்பதற்குத்தான் சங்கம். அதை மறந்து மாலைக்காக உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி அனுப்பத் துணிகிற காடுதான் வெல்லும்.