காலில் தொடங்கிய எருமை

"உங்க பேரை எனக்குக் குடுங்க சாமி" என்றாள் சடையாயி.

தாண்டவராயர் தூரிகையைக் கீழே வைத்தார். ஊரறிந்த ஓவிய ஆசான். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"என் பேரு எதுக்கும்மா?"

அவள் மடியிலிருந்து ஒரு கண்காட்சி விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினாள். ஓவிய சபையிலிருந்து மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. 'குருவின் பெயர்' என்ற இடம் காலியாக இருந்தது. சபைக்காரர்கள் அவள் கூடவே அனுப்பிய படத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, அந்த இடத்தை மட்டும் நன்றாகப் பார்த்திருந்தார்கள்.

"நான் யாருகிட்டயும் கத்துக்கல சாமி. வெள்ளையடிக்கிறது என் பொழைப்பு. அடிக்கிறதுக்கு முன்னால பழைய சுவத்துல கரித்துண்டால வரைவேன். அப்புறம் என் கையாலயே அது மேல சுண்ணாம்பை அடிச்சிருவேன். முப்பது வருசமா இப்படித்தான்."

"சபையில மாட்டி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணாவது அழியாம இருக்கும்ல."

 

ஆசான் எதிர்ச் சுவரைக் காட்டினார். "ஒரு எருமை வரைங்க."

சடையாயி குனிந்து, தரையோரமாக நான்கு குளம்புகளை வரைந்தாள்.

"கண்ணுலதானே தொடங்கணும்? நான் அப்படித்தான் சொல்லிக்குடுக்கிறேன்."

"எருமை மொதல்ல நிக்கணுமே சாமி. நின்னாத்தானே நம்மளப் பாக்கும்."

கால் வந்தது. வயிறு வந்தது. கொம்பு வந்தது. கண்ணைக் கடைசியில்தான் வைத்தாள்.

ஆசான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் மாட்டியிருந்த தன் எருமையைப் பார்த்தார். சபை பரிசு கொடுத்த படம். கண் அத்தனை அழகு. கால்கள் மட்டும் தரையில் படவே இல்லை.

"இது ஏன் மிதக்குதுன்னு இருபது வருசமா எனக்குப் பிடிபடல" என்றார்.

இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அந்த வருடத்துக்கு அவர் அனுப்ப வைத்திருந்த விண்ணப்பம். அதில் அவருடைய குருவின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, இன்னொரு பெயரும் எழுதினார்.

"ரெண்டு தாளும் ஒண்ணாப் போகட்டும். உங்களுதைத் திருப்பினா என்னுதையும் திருப்பட்டும்."

"என் தாள்ல நீங்க பேரு எழுதலையே சாமி?"

அவர் தன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மை இன்னும் காயவில்லை. சடையாயி எழுத்துகளுக்கு அடியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"ச… டை… யா…"

கடைசி எழுத்துக்கு முன்னால் நிறுத்தி, அழியாமல் காயட்டும் என்று மையை மெல்ல ஊதினாள்.