நடுங்கினால்தான் விறகு

பனி கொட்டும் ஒரு மலைநாட்டை முன்னொரு காலத்தில் மணிக்குன்றன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் பேச்சுதான் அவனுக்கு வேதவாக்கு. ஒரு மார்கழியில், "அறுபது தாண்டியவர்களுக்கெல்லாம் அரண்மனை விறகு இலவசம்!" என்று பறையறைவித்தான்.

விறகு அதிகாரி வீரகேசரிக்கு வயிறு எரிந்தது. காடே தன் பாட்டன் சொத்து என்ற நினைப்பு அவருக்கு. "மகாராஜா, குளிராத கிழடுகளும் வந்து ஏமாற்றும். சபையில் என் கண்முன்னே நடுங்கிக் காட்டட்டும்" என்றார்.

"அதுவும் சரிதான்" என்றான் ராஜா.

முதல் ஆளாக வந்தவர் ஆடு மேய்க்கும் முத்தாண்டி. வயது எழுபத்திரண்டு. வீட்டில் சுள்ளிகூட இல்லை. மனைவி மாசாணி பத்து நாளாக இருமிக்கொண்டு கிடந்தாள். பல் தந்தியடிக்க மலையேறி வந்தார். சபையிலோ எட்டுக் கணப்புகள் எரிந்தன. பெயர் கூப்பிடுவதற்குள் நடுக்கம் போய்விட்டது.

"நடுங்கு!" என்று அதட்டினார் வீரகேசரி.

"வரலையே சாமி. இங்கே கதகதன்னு இருக்குதே."

"இவனுக்குக் குளிரில்லை! அடுத்த ஆள்!"

முத்தாண்டிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, "மகாராஜா, அவசரப்படுத்தினா நடுக்கம் வருமா? வர்ற வரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேனே" என்றார்.

வீரகேசரி விழுந்து விழுந்து சிரித்தார். "உட்காரட்டும்! நடுங்காமல் ஒருவரும் சபையை விட்டு நகரக்கூடாது என்று ஆணையிடுங்கள், மகாராஜா. பசித்தால் தானாகக் கெஞ்சுவார்கள்."

ராஜா ஆணையிட்டான். முத்தாண்டி வாசலில் வரிசையாக நின்ற கிழங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சோறு கட்டிக்கிட்டு, கம்பளியோட வாங்க! மாசாணியையும் தூக்கிட்டு வாங்க!" என்று கத்தினார்.

நாற்பது பேர் வந்தார்கள். ஒருவரும் நடுங்கவில்லை, ஒருவரும் நகரவில்லை. சபை நடுவே குறட்டை. செங்கோலில் ஈரவேட்டி காய்ந்தது. அயல்நாட்டுத் தூதர் பேசும்போது ஒரு கிழவி வெற்றிலை இடித்தாள். இன்னொருவர் ராஜாவின் மீசையைப் பார்த்து, "இடது பக்கம் தூக்கலா இருக்கே தம்பி" என்றார். கணப்புச் சூட்டில் மாசாணிக்கு இருமல் நின்றது.

மூன்றாம் நாள் ராஜா அலறினான்: "எல்லாரும் வெளியே போங்கள்!"

"நடுங்காம போனா ராஜகுற்றம் ஆச்சே!" என்றார் முத்தாண்டி.

"கணப்பை அணையுங்கள்! நடுங்கட்டும்!" என்று குதித்தார் வீரகேசரி.

அணைத்தார்கள். கிழங்கள் கம்பளிக்குள் ஆட்டுமந்தைபோல ஒட்டிக்கொண்டார்கள். சிம்மாசனத்தில் மெல்லிய பட்டோடு தனியே இருந்த ராஜாவுக்குத்தான் தாடை ஆடியது, கிரீடமும் ஆடியது.

முத்தாண்டி எழுந்து கும்பிட்டார். "அதிகாரி ஐயா, நல்லாப் பாருங்க. சோதனையில மகாராஜா ஒருத்தர்தான் தேறியிருக்கார். அவருக்கு ஒரு கட்டு விறகு கொடுத்து, வெளியே அனுப்பி வையுங்க."

ராஜா நடுங்கிக்கொண்டே சிரித்தான். "மூன்று நிமிடக் குளிரே எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் மாதக்கணக்கில் எப்படித் தாங்குவீர்கள்? இனி யாரும் இங்கே வர வேண்டாம். விறகு வீடு தேடி வரும். சுமக்கப் போவது வீரகேசரி!"

மறுநாள் மாசாணி வீட்டு வாசலில் வீரகேசரி தலைச்சுமையோடு மூச்சிரைக்க நின்றார்.

"இறக்கி வையுங்க ஐயா" என்றாள் மாசாணி. "அப்படியே அடுப்பையும் பத்த வச்சிட்டுப் போங்க."