மூச்சு வாங்காத புல்லாங்குழல்

"உங்க சாப்ட்வேருக்குக் காது செவிடா டீச்சர்?"

படியேறி வந்த வேகத்திலேயே தனுஷ்கோடி கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ரிஸ்வானா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த சின்ன அறை அது. அங்கே அவள் ஒலிப்பதிவு செய்தாள். பதிவானதை வெட்டி ஒட்டும் வேலையை, வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அந்த டீச்சர் இன்னும் அழுத்தமாக விழும்.

"என்ன ஆச்சு சார்?"

"ஒரு வாரமா உக்காந்து பாட்டுக்குப் புல்லாங்குழல் போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் புல்லாங்குழல். ஊதறதுக்கு ஆளே வேண்டாம். அதைக் கொண்டுவந்து நீங்க சொல்லிக்கொடுத்த இதுல வெச்சா, ஊமையா நிக்குது."

"அது மிடி ஃபைல் சார். இது மிடி வாசிக்காது."

"ஏன் வாசிக்காது?"

ரிஸ்வானா எழுந்தாள். அவர் கையிலிருந்த சுரத்தாளை வாங்கினாள். மைக்குக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு, பதிவு பட்டனை அழுத்தினாள்.

ஒரு பல்லவி பாடி முடிக்கிற நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு நிறுத்தினாள்.

திரையில் ஒரு நேர்கோடு. அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"கிண்டலா?" என்றார் தனுஷ்கோடி.

"நீங்க கொண்டுவந்ததும் இந்தத் தாள்தான் சார். இந்தச் சுரம், இவ்வளவு நேரம், இவ்வளவு அழுத்தம்னு எழுதின உத்தரவு. இதுக்கு உத்தரவு புரியாது. சத்தம் மட்டும்தான் புரியும்."

அவருக்குச் சுருக்கென்றது.

தனுஷ்கோடி ஒரு நாட்டியப் பள்ளிக்கு இசையமைத்துக் கொடுப்பவர். வருஷா வருஷம் ஆண்டு விழா நாடகத்துக்கு அவர் பாட்டுதான். இந்த வருஷ நாடகத்தில், கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை ஒரு தாய் தேடுகிறாள். அந்தக் காட்சி முழுக்கப் புல்லாங்குழல்.

வாசிக்க வந்தவன் இருதயராஜ். பல வருஷமாக அவரோடு இருந்தவன். ஒத்திகையில் பாதியில் நிறுத்தி ஏதோ சொன்னான். தனுஷ்கோடி தாளை அவன் முகத்தில் விட்டெறிந்தார். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் பார்த்தார்கள்.

"வெளிய போடா. இனிமே எனக்கு ஊதறவனே தேவையில்லை."

பள்ளியை நடத்தும் அம்மாள் முன்னால்தான் அப்படிச் சொன்னார். அந்த அம்மாள், வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு வராவிட்டால் வேறு ஒருவரிடம் வாங்கிக்கொள்வதாக மட்டும் சொல்லி அனுப்பினாள்.

"இப்ப நான் என்னதான் செய்யறது?"

ரிஸ்வானா அலமாரியிலிருந்து ஒரு மைக்கை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"வீட்டுல உங்க புல்லாங்குழலை ஸ்பீக்கர்ல ஓட விடுங்க. இதை முன்னாடி வைங்க. ஸ்பீக்கர் வாசிக்கறதை நம்ம சாப்ட்வேர்ல பதிவு பண்ணுங்க."

"அவ்வளவுதானே?"

"முடியற வரைக்கும் பேசக் கூடாது."

"நான் என்ன பச்சப்பிள்ளையா?"

முதல் தடவை, மூன்றாவது வரியில் ஒரு சுரம் தப்பாக வந்தது. "சனியனே!" என்று கத்தினார். சனியனும் பதிவானது.

அடுத்த தடவை தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. ஜன்னலைத் திறந்து அவனைத் திட்டினார். திட்டிவிட்டுத் திரும்பினால், தாய் பிள்ளையைத் தேடும் பாட்டில் அவர் தெருச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த தடவை மனைவி சரஸ்வதி காபியோடு கதவைத் திறந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கை மட்டும் 'ச்' என்று தட்டினார். அதுவும் பதிவில் விழுந்தது.

"உங்க கோபம் மைக்குக்கும் தெரியுது," என்றாள் சரஸ்வதி. காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கதவைத் தாழிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். மத்தியான வெயிலில் சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியது. முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, பாட்டு முழுவதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

முடிந்தபோது மாடிப்படி ஏறி வந்தவர் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் அதைப் பார்த்தார். புல்லாங்குழல் ப்ரோகிராமிலேயே, மேலே ஒரு மூலையில் ஒரு பட்டன். ஒலியாகச் சேமிக்க என்று இருந்தது.

அழுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் பாட்டு முழுவதும் ஒலியாக வந்து விழுந்தது. ரிஸ்வானாவின் சாப்ட்வேர் மறுபேச்சில்லாமல் அதை வாங்கிக்கொண்டது. மைக்கும் வேண்டாம், வேர்வையும் வேண்டாம்.

தனுஷ்கோடி மைக்கைப் பிடுங்கிப் பையில் போட்டார்.

மறுநாள் காலை ரிஸ்வானா அறையைத் திறக்கும்போது அவர் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அப்படி ஒரு பட்டன் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் என்னை வேர்க்க விறுவிறுக்க உக்கார வெச்சீங்களா? என் வயசென்ன, உங்க வயசென்ன? நான் இந்த ஊர்ல எத்தனை மேடைக்குப் பாட்டுப் போட்டவன் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"ஏன் வாசிக்காதுன்னு கேட்டீங்க, காட்டினேன். என்ன செய்யறதுன்னு கேட்டீங்க, சொன்னேன். சுலபமா என்ன வழின்னு நீங்க கேக்கலை."

அவர் மேசையை ஓங்கித் தட்டினார். கீழே செல்போன் கடைக்காரன் தலையை நீட்டி மேலே பார்த்தான்.

"போடுங்க. ரெண்டையும் போடுங்க. உங்க வழியில வந்த குப்பையையும் கேளுங்க, பட்டன்ல வந்ததையும் கேளுங்க. நீங்களே சொல்லுங்க, எது பாட்டுன்னு."

ரிஸ்வானா பட்டனில் வந்ததை முதலில் போட்டாள். கண்ணாடி துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

"நல்லா இருக்கு சார்."

"இப்ப அதைப் போடுங்க."

மைக்கில் வந்ததைப் போட்டாள். இரைச்சல் இருந்தது. எங்கோ ஒரு காகம் கத்தியது. நாற்காலி முனகியது. தனுஷ்கோடி ஜெயித்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சரணத்தில் குழல் மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு ஓடுகிற இடம்.

திடீரென்று அதற்கு நடுவில், தண்ணீரில் அமுங்கியவர் மேலே வந்து வாய் திறக்கிற மாதிரி ஒரு சத்தம்.

ரிஸ்வானா நிறுத்தினாள்.

"இது யாரு?"

"நான்தான். மூச்சு முட்டிடுச்சு."

"நீங்க வாசிக்கலையே சார். கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

தனுஷ்கோடி திரையைப் பார்த்தார். அந்த இடத்தில் கோடு ஒரு சின்ன மேடாகப் புடைத்திருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் போட்டாள். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அவன் நிறுத்தினது இங்கதான்."

"யாரு?"

"இருதயராஜ். ஒரே ஒரு மாத்திரை நேரம் விடுங்கண்ணே, மூச்சு எடுக்க இடமில்லைன்னான்." சொல்லும்போதே குரல் ஏறியது. "முட்டாப்பய! அதைச் சரியா எடுத்துச் சொல்லியிருக்கலாம்ல? எனக்குப் புரியற மாதிரி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னாரா, சொல்லலையா?"

முதல் தடவையாக ரிஸ்வானாவின் குரலும் உயர்ந்திருந்தது.

தனுஷ்கோடி வாயைத் திறந்தார்.

"சொன்னான்," என்றார்.

ரிஸ்வானா அந்தச் சின்ன மேட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, விரலை வெட்டும் பட்டன் மேல் வைத்தாள்.

"இதை எடுத்துடவா சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு எண்ணை அழுத்தினார். நெடுநேரம் மணி அடித்தது.

"என்னண்ணே," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "மெஷின் ரிப்பேரா?"

"இருதயம், நான் என்ன சொல்றேன்னா…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்! இத்தனை வருஷமா சொன்னது போதும்!"

அதன்பிறகு அந்தக் குரல் நிற்கவில்லை. தாளை முகத்தில் எறிந்தது. பிள்ளைகள் முன்னால் எறிந்தது. அவன் மகள் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றது. அதற்கு முன்னால் எந்தெந்த ஊரில், எந்தெந்த மேடைக்குப் பின்னால் என்னென்ன சொன்னார் என்பது. ரிஸ்வானா உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் அது தெளிவாகக் கேட்டது.

தனுஷ்கோடியின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ரிஸ்வானா ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் சத்தம் ஓயவில்லை.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.