சேங்கொட்டைக் குறியும் ராஜாவின் கழுத்தும்

வெகு காலத்துக்கு முன்னால் ஆனைக்கல் சீமையை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டான். மழை பெய்யாவிட்டால் ஜோசியனைச் சிறையில் போடுவான். பெய்தால் குடைக்காரனைப் போடுவான்.

ஒருநாள் அவன் கழுத்தெல்லாம் தடித்து, கொப்புளித்து, அரித்தது.

"சால்வை பட்ட இடம்தான், மகாராஜா. சலவைக்காரச் சுடலை விஷம் தடவியிருக்கிறான்," என்றார் தளவாய் ரணசிங்கர்.

சுடலை பாதாளச் சிறைக்குப் போனான். அவன் மனைவி மாடத்தி, அழ வேண்டியதை வீட்டிலேயே அழுதுவிட்டுச் சபைக்கு வந்தாள்.

"விஷமில்லை, மகாராசா. துணி மாறாமலிருக்க ஓரத்திலே சேங்கொட்டைப் பாலால் குறி போடுவோம். அதுதான் அரிக்குது."

தளவாய் சிரித்தார். "போன திருவிழாவிலும் இதே சால்வை, இதே குறி. அன்றைக்கு அரிக்காதது இன்றைக்கு எப்படி அரிக்கும்?"

"உங்க கையிலேயே காட்டுறேன், சாமி. குறி போட்ட துணியை ஒருநாள் கட்டிக்கங்க. பதினைந்து நாள் கழிச்சு இன்னொரு நாள். அரிச்சா என் புருசனை விட்டுடணும்."

"கட்டு. இது போர்க்களம் பார்த்த உடம்பு."

கட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. சபை சிரித்தது. மாடத்தி தினமும் சிறை வாசலுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். காவலர் வாங்கிக்கொண்டார்கள், சுடலையைக் காட்டவில்லை. ஜெயித்தாலும் ராஜா மனசு மாறினால்?

இரண்டாம் முறை கட்டிய மறுநாள் தளவாயின் கை சிவந்து கொப்புளித்தது. சபையிலேயே வாளின் பிடியால் சொறிந்துகொண்டார்.

"உமக்கு விஷம் வைத்தது யார், தளவாயே?" என்றான் ராஜா.

மாடத்தி பதில் சொன்னாள். "யாரும் வைக்கலை. உடம்புக்குள்ளே காவலருங்க இருக்காங்க, மகாராசா. கொல்றது அவங்க பிறவிக் குணம். நோயிலிருந்து நம்மைக் காக்கிறதும் அவங்கதான். புதுசா ஒண்ணு தொட்டா, முதல்தடவை அடையாளம் பார்த்து வச்சுக்குவாங்க. மறுதடவை வந்தா, வெறுங்கையோட வந்தாலும் வெட்டப் பாய்வாங்க. வெட்டு விழுறது நம்ம தோலிலே."

"என்னைப் புண்ணாக்கியது என் காவலர்களேவா?"

"ஆமா. என் புருசன் இல்லை."

ராஜா வெகுநேரம் தலையாட்டினான். தளவாயின் தலைப்பாகையைச் சபை நடுவே கழற்றவைத்தான். சுடலையை அழைத்துவரச் சொன்னான்.

சிறைக்காவலன் தனியாகத்தான் வந்தான். "உயிர் போய் நாலு நாளாச்சு, மகாராஜா. உண்மையை வரவழைக்கச் சொல்லித் தளவாய் உத்தரவு. அடி கொஞ்சம் பலமாகிவிட்டது."

ராஜா மெல்லக் கேட்டான். "ஐந்து ஊர் தருகிறேன், பெண்ணே. போதுமா?"

"நான் வழக்கிலே ஜெயிச்சுட்டேனா, மகாராசா?"

"ஜெயித்துவிட்டாய்."

"அப்படின்னா யாராவது போய் அவருகிட்டே சொல்லிட்டு வாங்க," என்றாள் மாடத்தி.