இன்னொரு குட்டியின் தோல்

ஒரு கரிசக்காட்டுல ஒரு செம்மறிக் குட்டி இருந்துச்சாம். நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு. அதனால பொட்டுக்குட்டின்னு பேரு. பொறந்து நாலஞ்சு நாள்தான் இருக்கும், தண்ணி காட்டப் போன எடத்துல அதோட அம்மாவைக் காணோம். மேய்க்கிற கூரியன் கண்மாய் முழுக்கத் தேடிட்டு வந்து, "நரி இழுத்திருக்கும்"னு பொண்டாட்டி முத்திருளாயிகிட்ட சொன்னான்.

ம் கொட்டிக்கிட்டே கேளு கண்ணு. ஆங்.

அப்புறம் குட்டிக்குப் பசி. ம்மே, ம்மேன்னு ஒரு ஆட்டுக்கிட்ட போச்சு. அது வாலடியை மோந்து பாத்துச்சு. ஆட்டுக்குப் பேரு, ஊரு, ஒறவு எல்லாம் அந்த வாசந்தான், கண்ணு. "நீ யாரு வீட்டுப் புள்ள?" ஒரே முட்டு, தொப்புன்னு விழுந்துச்சு. அப்புறம் இன்னொரு ஆடு. "என் பாலு என் புள்ளைக்கே காணல." பட்டுன்னு ஒரு ஒதை. மூணாவதா மூளிக்காது ஆடு. அதோட குட்டி அன்னிக்குக் காலையிலதான் செத்துப்போச்சு. மடி கல்லாட்டம் கனத்துக் கெடந்துச்சு. அதுவும் மோந்து பாத்து, "என் ராசா எங்க?"ன்னு கேட்டுத் தள்ளிவிட்டுருச்சு.

அப்போ முத்திருளாயி, "செத்த குட்டித் தோலை உரிச்சுத் தாய்யா"ன்னா. கால் நொழைய நாலு ஓட்டை போட்டு, ஈரத்தோட பொட்டுக்குட்டிக்குச் சட்டையாட்டம் மாட்டிவிட்டா.

"நாறுது"ன்னு குட்டி ஒதறுச்சு.

"நாறட்டும். பாலு வேணுமா, வேணாமா?"

மூளிக்காது வந்து முஸ்முஸ்னு மோந்துச்சு. "வந்துட்டியா ராசா, எங்கடா போன?"ன்னு நக்கித் தீத்துருச்சு. குட்டி காம்பைக் கவ்விக் குடிச்சுச்சு.

அப்புறம் தோலு அழுக ஆரம்பிச்சதும் முத்திருளாயி கழட்டி எறிஞ்சுட்டா. அதுக்குள்ள அந்தப் பாலைக் குடிச்சுக் குடிச்சுக் குட்டிக்கே அந்த வாசம் வந்துருச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே வேற மந்தைக்காரர் ஒரு ஆட்டை ஓட்டிட்டு வந்தார். "ஒங்க ஆடுதானப்பா? எங்களுதோட கலந்துருச்சு."

ஆமா, அம்மாவேதான்.

குட்டி தடதடன்னு ஓடுச்சு. அம்மா அது கத்துனதைக் கேட்டு, "என் புள்ள குரலு"ன்னுச்சு. நெத்தியைப் பாத்து, "என் புள்ளப் பொட்டு"ன்னுச்சு. வாலடியை மோந்துச்சு. ரெண்டு எட்டு பின்னால போயி, ஓங்கி முட்டுச்சு.

"அம்மா, நாந்தான். பசிச்சுது, ஒரு சட்டை போட்டுக்கிட்டேன்."

"என் புள்ளைய என்ன பண்ணுன? அது குரலு ஒனக்கு எப்படி வந்துச்சு?"

கூரியன் பாத்துட்டு நின்னான். "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்."

"பொறுத்திருந்தா இதோட தோலையும் நீதான் உரிச்சிருப்ப"ன்னா முத்திருளாயி.

அப்புறம் அந்த அம்மா மந்தையைச் சுத்திச் சுத்தி ம்மேன்னு புள்ளையக் கூப்பிட்டுச்சு. குட்டி பின்னாலயே போயி ம்மே, ம்மேன்னு பதில் சொல்லுச்சு. அது திரும்பிப் பாக்கல. அப்போ மூளிக்காது, "ராசா, குடிக்க வா"ன்னுச்சு. குட்டி போச்சு. குடிக்கிறப்பவும் அம்மா கூப்பிடுறது கேட்டுச்சு. பதில் சொல்லணும்னா காம்பை விடணும்.

விடல.

அவ்வளவுதான் கதை. கண்ணை மூடித் தூங்கு.