நஞ்சப்பன் சைக்கிளின் வெள்ளோட்டம்

வேப்பங்காட்டூரில் புத்திசாலிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? காலையில் எழுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். கதையாகச் சொல்லும்படி வாழ்கிறவர்கள் அந்த ஊரில் நாலே பேர்தான்.

முதல் ஆள் நஞ்சப்பன். சைக்கிள் அவனுடையது. இரண்டாவது, அவன் மனைவி ருக்குமணியின் அண்ணன் பொன்னுரங்கம். எதற்கும் முதல் யோசனை அவருடையதுதான். மூன்றாவது, நஞ்சப்பனின் பங்காளி ஆறுச்சாமி. யோசனை யாருடையதானாலும் அடிபடுவது இவன். நாலாவது, பக்கத்து வீட்டு மருதாசலம். அவரிடம் ஒரு பென்சில் இருந்ததால் படித்தவர் என்று பெயர். நாலு பேரும் தங்கமான மனுஷர்கள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

நஞ்சப்பனுக்கு ஒரு வருஷமாக வேலை இல்லை. ருக்குமணி தையல் மெஷினை மிதித்து மிதித்துத்தான் குடும்பம் ஓடியது. இந்த நிலையில் பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு நூல் மில்லில் அவனுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் மில் கேட்டில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் அந்த வேலை, வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு. முதல் பஸ்ஸே ஒன்பது மணிக்குத்தான். சைக்கிளை விட்டால் வேறு கதி இல்லை.

சைக்கிளோ அவன் கல்யாணத்துக்கு முன்பே பழசு. செயின் துருவேறிக் கிறீச்சிட்டது. பின் டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சனிக்கிழமை காலையில் நாலு பேரும் அதை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு காசிம் பாய் கடைக்குப் போனார்கள். பாய் கடையைப் பூட்டிவிட்டு, அக்கா மகள் கல்யாணத்துக்குப் போக வேனில் ஒரு காலை வைத்திருந்தார்.

"நான் செவ்வாக்கெழமைதான் வருவேன் தம்பி. இது என்ன பெரிய வித்தையா, வீட்டுலயே பாத்துக்க. சொல்றேன், கேட்டுக்க" என்றார். "முதல்ல சைக்கிளத் தலைகீழா நிறுத்திக்க. நட்டை இடது பக்கமாத் திருப்பினா கழண்டுரும். டியூப எடுத்துத் தண்ணியில முக்கு. குமிழி எங்க வருதோ அந்த எடத்த உப்புத்தாள் போட்டுத் தேச்சு ஒட்டுப் போடு. வண்டிக்கு நல்லா எண்ணெய் விடு. கடைசியா ஒண்ணு. வெள்ளோட்டம் பாக்காம மட்டும் வேலைக்குக் கெளம்பிராத."

பையைத் துழாவி, ஒட்டும் சொல்யூஷனும் உப்புத்தாளும் வேன் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வேன் போய்விட்டது. மருதாசலம் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன். பிழை எல்லாம் அதற்கப்புறம்தான்.

வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். நஞ்சப்பன் ஸ்பேனரை நட்டில் மாட்டி இடது பக்கமாகத் திருப்பப் போனான்.

"நில்லுங்க மாப்பிள்ளை" என்றார் பொன்னுரங்கம். "பாய் சொன்னது யாரோட இடது?"

"என்ற இடதுதானுங்களே மச்சான்."

"நீங்க நேரா நிக்கறீங்க. சைக்கிள் தலைகீழா நிக்குது. அதோட இடதும் உங்க இடதும் எப்படி ஒண்ணாகும்?"

இது நியாயமான கேள்வியாக எல்லாருக்கும் பட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். சைக்கிள் எப்படி நிற்கிறதோ அப்படியே ஒருத்தர் நின்று பார்த்தால்தான் தெரியும் என்று முடிவாயிற்று. ஆறுச்சாமியைச் சுவரோரம் தலைகீழாக நிறுத்தி, மூவரும் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னடா தெரியுது?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"சைக்கிள் நல்லாத்தானுங் நிக்குது" என்றான் ஆறுச்சாமி. "நீங்க மூணு பேருந்தான் தலைகீழா நிக்கறீங்க."

மூவரும் ஒருவரையொருவர் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஆறுச்சாமிக்கு முகமெல்லாம் ரத்தமேறி, பிடிக்கு ஏதாவது அகப்படாதா என்று கையை வீசினான். கை ஸ்பேனரில் பட்டது. ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டி, தொங்கியபடியே அதில் பாரத்தைப் போட்டான். நட்டு கழன்றது. எந்தப் பக்கம் திருப்பினாய் என்று பிறகு கேட்டபோது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார்கள். காற்றடித்து முக்க வேண்டும் என்று பாய் சொல்லவில்லை, அதனால் காற்று அடிக்கவில்லை. சப்பையாகிப்போன டியூபிலிருந்து ஒரு குமிழியும் வரவில்லை.

"டியூப் நல்ல டியூப். இதுல ஒரு குத்தமும் இல்ல" என்றார் மருதாசலம்.

"அப்புறம் காத்து ஏனுங் போச்சு?" என்றான் நஞ்சப்பன்.

"சின்னக் குமிழியா இருக்கும். மேல இருந்து பாத்தாத் தெரியாது. ஆறுச்சாமிக்குத்தான் கண்ணு கூர்மை" என்றார் பொன்னுரங்கம்.

ஆறுச்சாமி தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தான். மூச்சு முட்டியதும் குமிழி குமிழியாக மேலே வந்தது. மூவருக்கும் உயிர் வந்தது போல் ஆயிற்று.

"எங்கிருந்து வருதுன்னு பாருங்க" என்று பதறினார் மருதாசலம்.

குனிந்து பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. குமிழி வந்தது ஆறுச்சாமியின் மூக்கிலிருந்து.

அவனை வெளியே இழுத்துப்போட்டு மூக்கை ஆராய்ந்தார் பொன்னுரங்கம். "ஒண்ணு இல்ல, ரெண்டு ஓட்டை. ரெண்டு ஓட்டைய வச்சுக்கிட்டு இவன் பக்கத்துல நின்னா டயர்ல காத்து எங்கிருந்து நிக்கும்?"

ஆறுச்சாமி தன்னால் நஞ்சப்பன் அண்ணனின் வேலை போக இருந்ததே என்று வெட்கப்பட்டான். "தேச்சுருங்க மச்சான், பரவால்ல" என்றான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொல்யூஷன் தடவி இரண்டு ஓட்டைக்கும் இரண்டு ஒட்டுப் போட்டு, நன்றாக ஒட்டட்டும் என்று அவனை வெயிலில் உட்கார வைத்தார்கள். பிறகுதான் பாவம் வாயைத் திறந்தான், மூச்சு விடுவதற்காக.

இவர்கள் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்த நேரத்தில் ருக்குமணி மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். தொட்டியில் கிடந்த டியூபையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். டியூபுக்குக் காற்றடித்து, முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து, மிச்சமிருந்த ஒட்டைப் போட்டாள். டயரிலிருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். சக்கரத்தை மாட்டிவிட்டு உள்ளே போய் அரைகுறையாக நின்ற ஜாக்கெட்டைத் தைக்கத் தொடங்கினாள்.

திரும்பி வந்த நஞ்சப்பன் டயரை அமுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, ஒட்டுப் புடிச்சிருச்சு" என்றார் பொன்னுரங்கம். "ஆறுச்சாமி, திங்கக்கெழம வரைக்கும் அந்த ஒட்டுல கைய வெச்சராத. நீ பிச்சேன்னா மாப்பிள்ளைக்கு நடுரோட்டுல காத்து எறங்கிப்போகும்."

அடுத்தது எண்ணெய். மருதாசலம் தாளைப் பார்த்துப் படித்தார். "வண்டிக்கு நல்லா எண்ணெய் விடணும்." பிறகு தாளைத் திருப்பி, தேதி இருந்த பக்கத்தைப் பார்த்தார். "எண்ணெய்னா கெழமை பாக்கோணும். ஆம்பளைக்குப் புதன், சனி. பொம்பளைக்குச் செவ்வாய், வெள்ளி. இது எது?"

"பார் வெச்ச சைக்கிளுங். கடையிலயே ஆம்பளை சைக்கிள்னுதான் குடுத்தாங்க" என்றான் நஞ்சப்பன்.

"இன்னைக்குச் சனிக்கெழமை" என்றார் பொன்னுரங்கம். நாலு பேருக்கும் நிம்மதியாக இருந்தது.

நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினார்கள். உச்சியில்தான் முதலில் வைக்க வேண்டும் என்பதால் பெல்லின் மேல் மூன்று சொட்டு வைத்துத் தட்டினார்கள். பிறகு ஹேண்டில், சீட்டு, கேரியர் என்று சூடு பறக்கத் தேய்த்தார்கள். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக நீவிச் சொடக்கெடுத்தார்கள். அரைமணி ஊறவிட்டு, அரப்புத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசினார்கள். கழுவிவிட்ட செயினில் பொட்டு எண்ணெய் இல்லை. சைக்கிள் மட்டும் நன்றாக மணத்தது.

"இனிப் பகல்ல தூங்க விடக் கூடாது. எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுத் தூங்கினாக் கண்ணுக்கு ஆகாது" என்றார் மருதாசலம்.

"இதுக்கு ஏதுங் கண்ணு?" என்றான் ஆறுச்சாமி வாயால் மூச்சு வாங்கியபடி.

"முன்னால லைட்டு இருக்குது பாரு. அது கெட்டுப்போனா மாப்பிள்ளை இருட்டுல எப்படி வீடு வந்து சேருவாரு?" என்றார் பொன்னுரங்கம்.

ஆகவே பொழுது சாயும்வரை முறை போட்டுக்கொண்டு, சைக்கிள் கண்ணயராமல் நிமிஷத்துக்கொரு தரம் பெல்லை அடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் தூளியில் கிடந்த குழந்தை ஒன்றுகூட அன்று தூங்கவில்லை. முறை மாறுகிற நேரம் பார்த்து ருக்குமணி வந்து, தையல் மெஷின் எண்ணெயைச் செயினில் விட்டுப் பெடலை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள். கிறீச்சு நின்றது. அரப்பின் மகிமை என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கரிநாள். புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒரு தப்பும் செய்யாத நாள் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு ருக்குமணி தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்தாள். "நேரா போங்க, யாருகிட்டயும் நின்னு பேசாதீங்க" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு புருஷன் வேலைக்குப் போகிறான். அவன் தெரு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தெரு திரும்பியதும் மூவரும் நின்றிருந்தார்கள். மருதாசலத்தின் கையில் தாள்.

"மாப்பிள்ளை, வேலைக்கா கெளம்பிட்டீங்க?" என்றார் பொன்னுரங்கம். "கடைசி வரிய மறந்துட்டீங்களே. வெள்ளோட்டம் பாக்காம வேலைக்குப் போகக் கூடாது."

நஞ்சப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "நல்ல நேரத்துல சொன்னீங்க மச்சான். எது வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டும்?"

"வேலைக்குப் போற சைக்கிள் மில்லு வரைக்கும் ஓடுதான்னு பாத்தாத்தான வெள்ளோட்டம்? போயிக் கேட்டத் தொட்டுட்டு வாங்க. நல்லா ஓடுச்சுன்னா அப்புறம் வேலைக்குக் கெளம்புங்க."

நஞ்சப்பன் மிதித்தான். சைக்கிள் இருபது வருஷத்தில் ஓடாத ஓட்டம் ஓடியது. ஏழு முப்பத்தைந்துக்கு மில் கேட்டைத் தொட்டான். வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். "புது ஆளா? பேரு ஊரு எழுதிக் கையெழுத்துப் போடு." பெரியவர் சொல்கிறாரே என்று போட்டான். அந்த நேரம் பார்த்துப் பஞ்சு லாரி வந்து ஹாரன் அடிக்க, வாட்ச்மேன் கேட்டைத் திறக்க ஓடினார். "வெள்ளோட்டத்துக்கு வந்தனுங். இனிப் போயி வேலைக்கு வர்றனுங்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு நஞ்சப்பன் சைக்கிளைத் திருப்பினான்.

ஒன்பது மணிக்கு ஊர் வந்து சேர்ந்தான். மூவரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். "அருமையா ஓடுது மச்சான். இனித் தைரியமா வேலைக்குப் போலாம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது ருக்குமணி பின்னால் நின்றாள்.

"ஏனுங், மில்லுக்குப் போகலீங்களா?"

"போயிட்டுத்தான் வர்றேன். ஏழரைக்கெல்லாம் கேட்டத் தொட்டுட்டேன்."

விஷயம் புரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தெரு என்றும் பார்க்காமல் அழுதாள். "திரும்பிப் போங்க. கையில கால்ல விழுந்தாவது கேளுங்க" என்றாள். அவள் அழுதால் நஞ்சப்பனுக்குத் தாங்காது. சோற்றைக்கூடத் தொடாமல் மறுபடி மிதித்தான்.

பத்தேகாலுக்கு மில் போய்ச் சேர்ந்தான். கேட்டில் இப்போது வேறு வாட்ச்மேன். "என்னய்யா வேணும்?" என்றார்.

"இன்னைக்கு வேலைக்குச் சேரோணுமுங். வேப்பங்காட்டூரு நஞ்சப்பன்."

அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். "வேப்பங்காட்டூர் நஞ்சப்பன் காலையில ஏழு முப்பத்தஞ்சுக்கே வந்து கையெழுத்துப் போட்டாச்சே. இது அவன் வேலை. நீ யாரு?"

நஞ்சப்பனுக்குத் தலை சுற்றியது. "எங்க ஊர்ல நஞ்சப்பன்னு நான் ஒருத்தன்தானுங். வந்தவன் ஆளு எப்படி இருந்தானுங்?"

வாட்ச்மேன் கேட்டோரம் டீ விற்கிற அம்மாளைக் கேட்டார். அவள் தம்ளர் கழுவியபடியே, நிமிர்ந்து பாராமல், "ஒசரமா, மெலிசா இருந்தான். பச்சைத் துண்டு. ஒரு பழைய சைக்கிளு" என்றாள். நஞ்சப்பன் தன் தோளில் கிடந்த பச்சைத் துண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பினான்.

மத்தியானம் வாசலில் பஞ்சாயத்து கூடியது. ருக்குமணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"வேற ஒருத்தன் என்ற பேரச் சொல்லி உள்ள பூந்துட்டான் மச்சான். ஊரும் இதே ஊருன்னு எழுதியிருக்கறான். துண்டுகூட என்றதாட்டமே பச்சைத் துண்டு போட்டுட்டு வந்திருக்கறான்" என்றான் நஞ்சப்பன்.

"கையெழுத்தப் பாத்தீங்களா?" என்றாள் ருக்குமணி.

"பாத்தேன் ருக்குமணி. என்ற கையெழுத்தையே அப்படியே போட்டு வெச்சிருக்கறான், களவாணி."

ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை போகவில்லை, நோட்டில் பத்திரமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குத் தானே கேரியரில் உட்கார்ந்து போய் இவரை உள்ளே தள்ளிவிட்டு வந்தால் போதும். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நாலு பேரும் தலை குனிந்துகொண்டார்கள்.

கடைசியில் பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டார்.

"இதே ஊர்ல இருந்து, இதே பழைய சைக்கிள்ல, நமக்கு முன்னால போயிச் சேந்திருக்கறான்னா ஒண்ணுதான் மாப்பிள்ளை. அவனுக்கு ரிப்பேர் பண்ணிக் குடுத்தவங்க நம்மளவிடக் கெட்டிக்காரங்க."